நிகழ்ச்சி நிரலில் உப்புச்சர்க்கரை

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. சத்தியம் செய்வதென்றால் பிள்ளைகள் தலையில் அடித்துச் செய்வார்கள்; இந்தக் காலத்துப் பிள்ளைகள் தலையைக் கொடுப்பதில்லை. ஆகவே என் தோட்டத்துக் கிணற்று மோட்டார்மேல் கை வைத்துச் சொல்கிறேன். ஏழரைக் குதிரை மோட்டார். கிழக்குப் பாலக்காட்டில் தென்னை வைத்திருக்கிறவன் சாமிமேல் பொய்ச்சத்தியம் செய்தாலும் செய்வான், மோட்டார்மேல் செய்யமாட்டான். கரண்ட் இருந்தது, மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது, அப்படியே கையை வைத்தேன். இதற்குமேல் என்ன வேண்டும்?

என் தங்கை பூவாத்தாளுக்கு ஒரே மகள், கிருத்திகா. எல்லையோரப் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் மேற்படிப்புப் படிக்கப் போனவள் பட்டத்தோடு ஒரு பையனையும் தேர்ந்தெடுத்துக்கொண்டு வந்தாள். பையன் மணிகண்டன், கூடப் படித்தவன், சின்னக்கானல்காரன். தாத்தா காலத்தில் கொழுந்து கிள்ள மலையேறிய குடும்பம். இப்போது அவன் அங்கே ஒரு தங்கும் விடுதியில், வருகிற வெள்ளைக்காரர்களுக்குச் செடிகளைக் காட்டி அவற்றின் பெயரை லத்தீனில் சொல்லிச் சம்பளம் வாங்குகிறான். செடிகள் மறுப்புத் தெரிவிப்பதில்லை.

பெண்ணின் அப்பா பொங்கியண்ணன் எனக்கு மாப்பிள்ளை முறை. சாதுவானவர். தன் தென்னை நிழலில் நிற்பதென்றாலும் மரத்திடம் கேட்டுவிட்டு நிற்பவர்போல நிற்பார். அவர் சம்மதிக்கவே ஒன்றரை வருடம் ஆயிற்று. அவருடைய பங்காளி பூபதிராஜா கடைசிவரை சம்மதிக்கவில்லை.

"மலை மேல பொண்ணு குடுக்கறதா? அங்க ஆனை ஊட்டுக்குள்ளயே வந்து அரிசி திங்குதாமா" என்றான்.

"இங்க நீங்க வந்து திங்கறீங்க. நாங்க ஏதாச்சும் சொன்னமா?" என்றாள் பூவாத்தாள்.

நிச்சயத்துக்கு முதலில் குறித்த நாளில் ஒற்றை யானை ஒன்று சின்னக்கானல் சாலையில் நின்றுகொண்டது, ஜீப் இறங்கவில்லை. இரண்டாவது நாளில் பூபதிராஜா ஒரு பெரியப்பாவின் சாவைச் சொல்லித் தீட்டு என்றான். அந்தப் பெரியப்பா யாரென்று விசாரித்ததில், அப்படி ஒருவர் பிறந்ததற்கே சாட்சி கிடைக்கவில்லை. மூன்றாவதாக ஒரு ஞாயிற்றுக்கிழமை குறித்தோம். எமகண்டம் கழிந்து ஒன்றரைக்குமேல் நல்ல நேரம்.

முந்தின நாள் பையனின் அம்மா சின்னத்தாய் போனில் பேசினார். எஸ்டேட்டில் முப்பது வருடம் கொழுந்து எடுத்து ஓய்வு பெற்றவர். மலைச்சரிவில் அடுத்த பத்தியில் நிற்கிறவளைக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை. போனை ஒரு முழம் தள்ளிப் பிடித்துத்தான் கேட்கவேண்டும்.

"சம்மந்தி, நல்லாக் கேட்டுக்கிடுங்க. காட்டுச் செக்போஸ்ட்ல பொழுது சாஞ்சா வண்டிய விடமாட்டான். மூணு மணிக்கு ஜீப்பு கெளம்பிரும். அதுக்குள்ள தட்டு மாத்தினா சந்தோசம். மாத்தலன்னா, இன்னொரு தடவ நாங்க மலைய விட்டு எறங்க மாட்டம். ரெண்டு தடவ ஊர்ல சிரிச்சாச்சு, மூணாவது தடவ சிரிக்க அவங்களுக்கும் பல்லு இல்ல, ஆமா."

"செரீங்க, செரீங்க" என்று பொங்கியண்ணன் போனுக்கு இரண்டு முறை கும்பிடு போட்டார்.

கோபாலபுரம் சோதனைச்சாவடியிலிருந்து கூப்பிடு தூரத்தில் தங்கமயில் மகால் என்று ஒரு மண்டபம். அதைப் பிடித்திருந்தோம். மேனேஜர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "காலையில ஒரு சின்ன மீட்டிங்குங்க. பல்கலைக்கழகத்து முன்னாள் மாணவர் மன்றம். மொத்தமே பதினோரு பேரு. பன்னண்டுக்கு எந்திரிச்சுப் போயிருவாங்க."

அந்த மன்றத்தைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லவேண்டும். கேரளத்தில் எதையும் உத்காடனம் செய்யாமல் தொடங்கமாட்டார்கள். தமிழ்நாட்டில் எதையும் பொன்னாடை போர்த்தாமல் முடிக்கமாட்டார்கள். நாங்கள் எல்லையில் இருக்கிறோம், எங்களுக்கு இரண்டும் உண்டு. உத்காடனம் என்றால் ஒருவர் குத்துவிளக்கேற்றித் தொடக்கிவைப்பது. அதற்குப் பின் ஆசம்சை என்று ஒன்று. அவர் தொடக்கிவைத்ததை மற்றவர்கள் ஒவ்வொருவராக எழுந்து வாழ்த்துவது. வாழ்த்தி முடிக்கும்போது தொடங்கியது எது என்பது யாருக்கும் நினைவிருக்காது. பிறகு பொன்னாடை.

மன்றத்தின் சட்டப்படி ஆண்டுதோறும் கல்வி நிகழ்ச்சியும் நடத்தவேண்டும், சமூக நிகழ்ச்சியும் நடத்தவேண்டும். கல்வி நிகழ்ச்சிக்குக் குறைவில்லை. சமூக நிகழ்ச்சிதான் கைகூடவில்லை. ஒருமுறை ரத்ததான முகாம் நடத்தினார்கள். ஆசம்சை முடிவதற்குள் நர்சுகள் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்கள். ஒரு சொட்டு ரத்தம் சிந்தாமல் முகாம் வெற்றிகரமாக நிறைவுற்றதாகப் பத்திரிகைக்குச் செய்தி போயிற்று. இன்னொரு முறை ஏலப்பாறைக்குக் குடும்பச் சுற்றுலா. தேயிலைத் தொழிற்சாலை வாசலில் 'தேநீரும் மனித மாண்பும்' என்று தலைவர் பேசத் தொடங்கினார். மாலையில் சங்கு ஊதி, தொழிற்சாலையைப் பூட்டி, காவலாளி கேட்டுக்கொண்டதன்பேரில் கூட்டம் முடிந்தது. டீ கிடைக்கவில்லை.

தலைவர் பெயர் மோகனசுந்தரம். ஓய்வு பெற்ற துணை இயக்குநர். எதற்குத் துணை, எதை இயக்கினார் என்று அவரும் சொன்னதில்லை.

ஞாயிறு பன்னிரண்டுக்கு நாங்கள் மண்டபத்துக்குப் போனோம். மேடையில் பதினோரு பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். தலைவர், துணைத்தலைவர் மூவர், செயலாளர், இணைச்செயலாளர் என்று உறுப்பினர் எல்லோருக்கும் பதவி இருந்தபடியால் எல்லோரும் மேடையில். எதிரே முந்நூறு நாற்காலி காலி. மோகனசுந்தரம் அந்த நாற்காலிகளைப் பார்த்து, "பெருந்திரளாகக் கூடியிருக்கும்" என்று பேசிக்கொண்டிருந்தார்.

வரவேற்புரை அது. மணி பன்னிரண்டு.

அந்த நேரம் பார்த்து எங்கள் ஆட்கள் பட்டுச்சேலையும் மல்லிகையுமாக உள்ளே வந்தார்கள். பின்னாலேயே சின்னக்கானல் ஜீப்புகள் வந்து நின்றன. தலைவர் பேச்சை நிறுத்தினார். அவருடைய பொதுவாழ்வில் அது முதல் தடவை என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். நாற்காலியில் மனிதர்கள் உட்காருவதைப் பார்த்து அவர் கண்ணில் நீர் திரண்டது.

செயலாளர் ரிஜின் மேடையிலிருந்து குதித்து வாசலுக்கு ஓடினார். கை நிறைய பேட்ஜ். 'முன்னாள் மாணவர் – பிரதிநிதி' என்று அச்சடித்தது. முந்நூறு அடித்து முந்நூறும் மிச்சமிருந்தன. வருகிறவர்கள் சட்டையிலெல்லாம் குத்த ஆரம்பித்தார்.

"தம்பி, நாங்க நிச்சயத்துக்கு வந்திருக்கறோமுங்க. நான் எட்டாவதுங்க" என்றார் பொங்கியண்ணன்.

"சாரமில்லா சேட்டா, பரவாயில்ல. பல்கலைக்கழகத்தில் யாரு படிச்சது?"

"என்ற பொண்ணுங்க."

"ஃபீஸ் யாரு கட்டினது?"

"நானுங்க."

"அப்போ நீங்கதான் மெயின் மெம்பர்" என்று குத்திவிட்டார். பொங்கியண்ணன் அரைமனதாக நெஞ்சைப் பார்த்துக்கொண்டார்.

சின்னத்தாயிடம் வந்தபோது ரிஜினுக்கே கொஞ்சம் தயக்கம்.

"எலே, என்னமோ குத்த வாரானே, தடுப்பூசியா?"

"இல்ல அம்மச்சி, மெம்பர் பேட்ஜ். பல்கலைக்கழக கேன்டீன்ல ஞங்கள் குடிச்ச சாயா எல்லாம் நீங்க கிள்ளின தேயிலயாக்கும். அது பெரிய கான்ட்ரிபியூஷன்."

"நான் கிள்ளினது வெளிநாட்டுக்குப் போயிருச்சு. நீங்க குடிச்சது தூசி" என்றார் சின்னத்தாய். ஆனால் பேட்ஜைக் குத்திக்கொண்டார். சேலையில் ஊக்கு ஒன்று குறைந்திருந்ததாம்.

ஆக, ஒரு மணிக்குள் மண்டபத்தில் இருந்த இருநூறு பேரும் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டிருந்தோம். பூபதிராஜாவுக்கும் கிடைத்தது. அவன் பத்தாவதை மூன்று முறை எழுதியவன். பேட்ஜைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தலைவர் புதிய ஊக்கத்தோடு தொடர்ந்தார்.

"நான் நீண்ட நேரம் பேசப்போவதில்லை; நீண்ட நேரம் ஏற்கெனவே பேசியாகிவிட்டது. சென்ற ஆண்டு நம் மன்றம் நாற்பது கல்வி நிகழ்ச்சிகளை நடத்தியது. அவற்றில் எவரேனும் எதையேனும் கற்றுக்கொண்டதாக இதுவரை ஒரு புகார்கூட இல்லை. பல்கலைக்கழகம் எனக்கு என்ன கொடுத்தது என்று சிலர் கேட்கிறார்கள். மேடையில் உட்காரக் கற்றுக்கொடுத்தது. அன்று உட்கார்ந்தவன் இன்னும் எழுந்திருக்கவில்லை."

மேடையில் பத்துப் பேர் கைதட்டினார்கள். எங்கள் பக்கம் ஒரு குழந்தை தட்டியது.

ஒன்றரை ஆயிற்று. பொங்கியண்ணன் மேடையோரம் போய் நின்றார். அவர் நின்றது யார் கண்ணிலும் படவில்லை. அவர் நிற்கிற விதம் அப்படி. பூவாத்தாள் கீழேயிருந்து, "ஏனுங்க, வாயத் தொறந்து கேளுங்க" என்று அதட்டினாள்.

"சாமி, நல்ல நேரம் போயிட்டிருக்குதுங்க. என்ற பொண்ணுக்கு நிச்சயமுங்க. மூணு மணிக்கு அவங்க கெளம்போணும். இல்லீன்னா சம்மந்தமே போயிருமுங்க."

மோகனசுந்தரம் அவரை அன்போடு பார்த்தார். "ஐயா, நிகழ்ச்சி நிரலில் இல்லாதது நிகழாது. அதுதான் நிறுவனம் என்பது."

பொங்கியண்ணன் தலையைச் சொறிந்தார். "அப்படீன்னா நிரல்ல சேத்துக்குங்க சாமி."

ரிஜின் தலைவரின் காதில் ஏதோ சொன்னார். எனக்குக் காது நன்றாகக் கேட்கும். "சாரே, சோஷியல் ப்ரோக்ராம் இந்த வருஷம் ஒண்ணும் ஆகலை. விளக்கு அவங்களுது, சாப்பாடு அவங்களுது, ஆளும் அவங்களுது. போட்டோ மாத்திரம் நம்முடெ."

தலைவரின் முகம் மலர்ந்தது. மைக்கில் அறிவித்தார்: "ஒன்பதாம் இனம். சமூக நிகழ்ச்சி. உப்புச்சர்க்கரை மாற்றல்!"

எங்கள் பக்கம் நிச்சயம் என்றால் உப்புச்சர்க்கரை மாற்றுவதுதான். பெண்வீட்டார் ஒரு தட்டில் உப்பும் நாட்டுச்சர்க்கரையும் வெற்றிலை பாக்கும் வைத்துக் கொடுப்பார்கள். எதிர்வீட்டார் வாங்கிக்கொண்டு பதிலுக்கு ஒரு தட்டுக் கொடுப்பார்கள். தட்டுக்குத் தட்டு மாறினால் வாக்கு விழுந்தது. அதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. பூவாத்தாள் தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

"உட்காருங்கள் அம்மா. முதலில் உத்காடனம்" என்றார் தலைவர்.

பெண்வீட்டுக் குத்துவிளக்கைத் தலைவர் ஏற்றினார். முதல் திரியை அவர், இரண்டாவதைத் துணைத்தலைவர், மூன்றாவதை மற்றொரு துணைத்தலைவர். நான்காவதை ஏற்றவேண்டியவர் கழிப்பறைக்குப் போயிருந்தார். அவர் வரும்வரை தீக்குச்சி காத்திருந்தது. ஐந்தாவதற்கு யாரைக் கூப்பிடுவது என்று மேடையில் மூவருக்குள் வருத்தம் வந்தது.

பிறகு ஆசம்சை. டாக்டர் நிமி என்று ஓர் அம்மையார் எழுந்தார். சர்க்கரை வியாதி நிபுணர்.

"மணமக்களுக்கு ஆசம்சகள். உப்பும் சர்க்கரையும் மாற்றிக்கொள்ளும் இந்த ஆசாரம் எத்ர அழகு! பட்சே, ஒரு டாக்டர் என்ற நிலையில் ஞான் பறயாம். உப்பு கூடினால் பிரஷர். சர்க்கரை கூடினால் ஷுகர். ரெண்டு குடும்பமும் தங்களுக்குள்ள இதை மாற்றுவது, வியாதியை மாற்றுவது போலெ. தயவாயிட்டு ரெண்டையும் ஒழிவாக்கணும்."

பெண் வீட்டில் பாதிப்பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். பூபதிராஜா மட்டும் உற்சாகமாகக் கைதட்டினான்.

அடுத்தவர் ஓய்வுபெற்ற வரலாற்றுப் பேராசிரியர். உப்பு வரியிலிருந்து ஆரம்பித்தார். அவர் எப்படியும் சர்க்கரைக்கு வந்துவிடுவார் என்று காத்திருந்தோம். வெள்ளைக்காரன் நாட்டைவிட்டுப் போனான், பேராசிரியர் போகவில்லை.

வெளியே ஜீப் டிரைவர் ஆரன் அடித்தான். மணி இரண்டரை.

சின்னத்தாய் எழுந்து நின்றார். "ஏய்யா மணி, இது நிச்சய வீடா, நில வழக்கா? எந்திரி. போவம்."

"அம்மா, கொஞ்சம் பொறும்மா" என்றான் மணிகண்டன்.

"பொறுத்துப் பொறுத்துத்தான்டா மூணாவது தேதிக்கு வந்திருக்கேன். மாப்பிள்ளைக்கு நாலு வார்த்த நல்லதாச் சொல்லுவாகன்னு பாத்தா, ஒப்புக்குக்கூட உப்புச் சாப்பிடாதங்கிறாக. அந்தப் பொம்பளைக்கு வீட்ல ரசம் வைக்கிறது யாரு?"

கிருத்திகா மேடைக்கு அருகிலிருந்து ஓடிவந்து அவர் கையைப் பிடித்தாள். "அத்தே, அஞ்சே நிமிசம். அப்பா இப்பப் போயிருவாரு, பாருங்க." திரும்பி, "அப்பா! யாரையும் கேக்காதீங்க. மேல ஏறுங்க!" என்று கத்தினாள்.

இந்தக் கட்டம்தான் முக்கியம். பொங்கியண்ணன் பூவாத்தாளிடமிருந்து தட்டைப் பிடுங்கினார். வாழ்க்கையில் முதல் தடவையாக யாரையும் கேட்காமல் ஓர் இடத்தில் ஏறினார். சின்னத்தாயையும் மேலே வரச்சொல்லிக் கிருத்திகா இழுத்துக்கொண்டு வந்தாள். அவர் கடைசிப் படியில் கால் வைக்கவும், பொங்கியண்ணன் தட்டை நீட்டவும் சரியாக இருந்தது.

இருவருக்கும் நடுவில் மோகனசுந்தரம் நின்றிருந்தார்.

அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. இருபது வருடப் பழக்கம். மேடையில் எது நீட்டப்பட்டாலும் கை தானாகப் போகும். இரண்டு கையாலும் தட்டை வாங்கினார். கேமராவைப் பார்த்துத் திரும்பினார். புன்னகை செய்தார். ஃப்ளாஷ் அடித்தது. அடுத்த மூச்சில் ரிஜின் ஒரு பொன்னாடையை எடுத்துக்கொடுக்க, அதைப் பொங்கியண்ணன் தோளில் போர்த்தினார். மன்றத்தின் நினைவுப்பரிசை அவர் கையில் கொடுத்தார்.

மன்றத்தின் நினைவுப்பரிசு எப்போதும் ஒரு தட்டுதான். வெள்ளிமுலாம் பூசியது, நடுவில் பல்கலைக்கழகச் சின்னம்.

தட்டுக்குத் தட்டு மாறியாயிற்று. விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது. நல்ல நேரம். இருநூறு பேர் சாட்சி. படமும் எடுத்தாயிற்று.

பூபதிராஜா நாற்காலிமேல் ஏறி நின்றான். "வாக்கு உழுந்துபோச்சு! தலைவரூட்டுக்கும் நம்மூட்டுக்கும் சம்மந்தம் முடிஞ்சுது. குடுத்த தட்டத் திருப்பிக் கேட்டா கொலத்துக்கே ஆகாது. ஏனுங்க தலைவரே, உங்களுக்குப் பையனுங்க இருக்கறாங்களா?"

"ஒருவன். கௌசிக். பெங்களூரில் இருக்கிறான்" என்றார் தலைவர்.

"கலியாணம்?"

"முப்பத்தாறு வயதாகிறது. இதுவரை எங்களுக்கு யாரும் ஒரு தட்டை நீட்டவில்லை" என்று மோகனசுந்தரம் உப்பையும் சர்க்கரையையும் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பார்த்துக்கொண்டே தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"அப்பா! அந்தாளு கையில குடுத்துப்போட்டீங்களே!" என்று கிருத்திகா அழ ஆரம்பித்தாள். மணிகண்டன் மேடைக்குத் தாவினான். பூவாத்தாள் என்னைப் பார்த்து, "அண்ணா, நீயாச்சும் ஏதாச்சும் சொல்லு" என்றாள். எங்கள் வழக்கப்படி பூபதிராஜா சொன்னது சரி. அவன் சரியாக ஒன்றைச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதலும் கடைசியும்.

சின்னத்தாய் தலைவரின் முன் வந்து நின்றார். "யோவ் பெரியமனுசா. அது எங்க தட்டு. குடுத்துரு."

தலைவர் மைக்கை அருகே இழுத்தார். "அம்மையீர், நானே விரும்பினாலும் தர இயலாது. மன்ற மேடையில் தலைவர் பெற்றது தனிமனிதன் பெற்றதல்ல. மோகனசுந்தரம் இன்று இருப்பான், நாளை போவான். இந்தத் தட்டு தலைமைப் பதவிக்கு உரியது. பதவியில் இருப்பவர் எவரோ, அவரே இதை ஏந்தி நிற்பார். கௌசிக் விஷயத்தை அவனிடம் கேட்டுச் சொல்கிறேன். அதுவரை நிரல் தொடரட்டும்."

பொங்கியண்ணன் பொன்னாடையோடு நின்றிருந்தார். அவர் எதையும் மெதுவாகத்தான் யோசிப்பார். ஆனால் யோசித்தால் பாதியில் விடமாட்டார்.

"ஏனுங்க தலைவரே, இந்தத் தட்டு உங்களுக்கில்லீங்களா?"

"இல்லை. பதவிக்கு."

"யாரு தலைவரோ அவங்க வாங்கினதாத்தான் கணக்குங்களா?"

"அதுவே மரபு. அதுவே மாண்பு."

"பூபதி, நீ ஒத்துக்கறயா?"

"அவரே சொல்றாரு, அப்பறமென்ன?" என்றான் பூபதிராஜா, நாற்காலி மேலிருந்தபடியே.

"செரீங்க" என்று பொங்கியண்ணன் கீழே இறங்கி உட்கார்ந்துகொண்டார். பூவாத்தாள் அவர் தொடையில் கிள்ளினாள். அவர் அசையவில்லை.

"பத்தாம் இனம். நிர்வாகிகள் தேர்தல். இது ஒரு நிமிட வேலை" என்றார் மோகனசுந்தரம். "தலைவர் பதவிக்கு என் பெயரை நானே வழிமொழிகிறேன், முன்மொழிந்தவர் யாரென்பதைப் பிறகு நிரப்பிக்கொள்ளலாம். வேறு யாரேனும் உண்டா? இல்லை. ஆகவே ஏகமனதாக..."

ஒரு கை எழுந்தது. அந்த மன்றத்தின் வரலாற்றில் எழுந்த முதல் கை. ரிஜின் அது விசிறி என்று நினைத்தார்.

"எங்க சம்மந்தியம்மாவத் தலைவராப் போடோணுமுங்க" என்றார் பொங்கியண்ணன். சத்தமாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டு, யார் பேசினது என்று அவரே திரும்பிப் பார்த்தார்.

தலைவர் சிரித்தார். "ஐயா, வாக்களிக்க உறுப்பினராக இருக்கவேண்டும்."

பொங்கியண்ணன் எழுந்து நின்று நெஞ்சைக் காட்டினார். பேட்ஜ். பூவாத்தாள் நின்றாள். பேட்ஜ். மணிகண்டன், கிருத்திகா, சமையற்காரர், சின்னக்கானலிலிருந்து வந்த மூன்று ஜீப் ஆட்கள். எல்லோர் நெஞ்சிலும் பேட்ஜ்.

"ஆதரிக்கறவங்க கையத் தூக்குங்கொ!" என்று கிருத்திகா கண்ணைத் துடைத்துக்கொண்டு கத்தினாள்.

மண்டபம் முழுக்கக் கை. பூபதிராஜா தூக்கவில்லை; பேட்ஜ் குத்தியிருந்த அவன் மனைவி தன் கையோடு அவன் கையையும் சேர்த்துத் தூக்கினாள். மேடையிலும் ஆறு கை எழுந்தது. பின்கட்டிலிருந்து ஆட்டுக்கறிக் குழம்பு வாசம் வந்துகொண்டிருந்தது, அவர்களும் மனிதர்கள்தான். டாக்டர் நிமி இரண்டு கையையும் தூக்கியிருந்தார்.

"சாரே, ஜெயிச்சு" என்றார் ரிஜின். "அம்மச்சி ஜெயிச்சு."

மோகனசுந்தரம் எழுந்த கைகளை ஒருமுறை எண்ணிப் பார்த்தார். பிறகு மைக்கில், "ஜனநாயகம் தன் கடமையைச் செய்திருக்கிறது. அதை நான் வன்மையாகக் கண்டிக்கிறேன்" என்றார். ஆனாலும் மரபு தெரிந்த மனிதர். புதிய தலைவருக்குப் பொன்னாடை போர்த்தினார். உப்புச்சர்க்கரைத் தட்டை அவர் கையில் ஒப்படைத்தார். கொடுக்கும்போதும் கேமராவைப் பார்த்தார்.

சின்னத்தாய் தட்டை வாங்கினார். மலையிலிருந்து கொண்டுவந்த தட்டை மணிகண்டன் ஓடிப்போய் எடுத்துவர, அதைப் பொங்கியண்ணன் கையில் வைத்தார். கிருத்திகாவை இழுத்துத் தலையில் பூவைச் செருகினார். அழுத முகத்தை முந்தானையால் அழுத்தித் துடைத்துவிட்டார். பொட்டு கன்னத்துக்குப் போயிற்று.

"தலைவர் உரை" என்று ரிஜின் மைக்கை நீட்டினார்.

"எனக்கெதுக்கு இந்தக் கொழா?" என்று அதைத் தள்ளிவிட்டார். மண்டபத்துக்கு வெளியே சோதனைச்சாவடியில் நின்ற லாரிக்காரர்களுக்கும் கேட்டது: "எல்லாரும் வந்தீக. நல்லது. சோறு ஆறுது. கூட்டம் முடிஞ்சுது."

அவ்வளவுதான். அதில் வரவேற்பு, தலைமையுரை, நன்றி மூன்றும் அடக்கம் என்று ரிஜின் சொன்னார். மூன்று மணிக்கு ஜீப் கிளம்பியது. சின்னத்தாய் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "சம்மந்தி, நீங்க பேசாத மனுசன்னு சொன்னாக. பேசினா இப்படித்தான் பேசணும்" என்றார். பொங்கியண்ணன் ஜீப்புக்குக் கும்பிடு போட்டார்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. பூபதிராஜா பந்தியில் மூன்று தரம் உட்கார்ந்தான். கௌசிக் பெங்களூரிலிருந்து வந்து மொய் வைத்துவிட்டுப் போனான், நல்ல பையன். மன்றத்தின் ஆண்டறிக்கையில், சமூக நிகழ்ச்சி ஒன்று, விளைவு ஒரு தம்பதி என்று போட்டார்கள். சின்னத்தாய் இன்றும் தலைவராக இருக்கிறார். சின்னக்கானலில் இருந்தபடியே போனில் தலைமை தாங்குகிறார். பேச்சாளர் நீட்டினால், "ம்ம், அடுத்த ஆளு" என்று போனிலிருந்து சத்தம் வரும். மோகனசுந்தரம் ஆலோசகர். அவருக்கு மேடையில் ஒரு நாற்காலி எப்போதும் உண்டு, மைக் எட்டாத தூரத்தில்.

எல்லையோரப் பல்கலைக்கழகம் இன்னும் தொடங்கப்படவில்லை; அடிக்கல் நாட்டத் தேதி கேட்டிருக்கிறார்கள்.